சல்லடையை மாற்றும் ரிலே

சாமை சலித்துப் பழகிய குழந்தைகளுக்கு வானொலி அலைகளை விளக்குவது கடினமல்ல. இதை நான் சித்தேரி மலையில் கற்றுக்கொண்டேன்.

நான் அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றவன். 2004 சுனாமியில் அந்தமானில் தொலைபேசித் தொடர்பு துண்டிக்கப்பட்டபோது, அங்கிருந்து செய்திகளை அனுப்பி உதவியவர்கள் அமெச்சூர் வானொலியாளர்கள். சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறும் எங்கள் குழந்தைகளுக்கு அதன் அருமை உடனே புரிகிறது. ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த 'மைக்ரோபிட்எக்ஸ்' கருவியின் சுற்றுப்படம் அனைவருக்கும் கிடைக்கிறது. அதைப் பார்த்து வீட்டிலேயே ஒரு கருவி செய்தேன்.

7.1 மெகாஹெர்ட்ஸில் பேசும்போது, கருவியின் பெருக்கி அதன் மடங்குகளான 14.2, 21.3, 28.4 ஆகிய அதிர்வெண்களையும் உண்டாக்கும். அவை வெளியேறினால் அங்கே பேசிக்கொண்டிருப்பவரின் அவசரச் செய்தி கெடலாம். ஆகவே, ஆன்டெனாவுக்கு முன் வடிப்பான் வேண்டும். குறைந்த அதிர்வெண்ணை விட்டு, கூடுதலானதைத் தடுக்கும் சல்லடை அது.

கடலைச் சல்லடையில் சாமையைச் சலித்தால் கல்லும் சேர்ந்து விழும். சாமைச் சல்லடையில் கடலை இறங்கவே இறங்காது. அதனால்தான் இக்கருவியில் நான்கு வடிப்பான்கள். ஆர்டுயினோ என்னும் சிறு கணினி, நாம் வைத்த அதிர்வெண்ணைப் பார்த்து உரிய வடிப்பானைத் தேர்கிறது. அதன் மெல்லிய மின்னோட்டத்தால் ரிலேயை இழுக்க முடியாது. எனவே இடையில் ஒரு டிரான்சிஸ்டர் சுவிட்சாக வேலை செய்கிறது.

நிரலை நானே எழுதினேன். முதல் கேள்வி "7 அல்லது அதற்கு மேலா?", அடுத்து "14 அல்லது அதற்கு மேலா?", பிறகு "21 அல்லது அதற்கு மேலா?" வீட்டில் 7.1-இல் மட்டும் சோதித்தேன், சரியாக இருந்தது.

எட்டாம் வகுப்பில் இதையே விளையாட்டாக்கினேன். தரையில் நான்கு கட்டங்கள், கைகளில் 3.6, 7.1, 14.2, 21.2, 28.5 என எண் அட்டைகள். 'ஆம்' என்று பதில் வந்ததும் அந்தக் கட்டத்தில் நின்றுவிட வேண்டும். மூன்றுக்கும் 'இல்லை' என்றால் கடைசிக் கட்டம்.

ஒரு மாணவி கேட்டாள்: "சார், நாங்க நாலு பேரும் ஒரே கட்டத்துல நிக்கிறோம். ரெண்டு கட்டத்துக்கு ஆளே வரலையே?"

திகைத்துப் போனேன். 28.5-உம் 7-ஐவிடப் பெரியதுதானே! முதல் கேள்வியிலேயே எல்லோரும் நின்றுவிட்டார்கள். அந்த நிரலோடு 14.2-இல் பேசியிருந்தால், வெளியேற வழியின்றி அலை திரும்பி, பெருக்கியின் டிரான்சிஸ்டர்கள் சூடேறிக் கருகியிருக்கலாம். 21, 14, 7 எனக் கேள்விகளை இறங்குவரிசையில் மாற்றினோம். நான்கு கட்டங்களுக்கும் ஆள் வந்தது.

தொடக்க வகுப்பில் மடங்குகளுக்கும், மேல்வகுப்பில் நிரலாக்கத்துக்கும் இந்த விளையாட்டு உதவும். அட்டையும் சாக்பீஸும் போதும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: சரியாக வரும் எண்ணோடு நிறுத்தாமல், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண்ணை அனுப்பிப் பாருங்கள்.