மேட்டில் இஞ்சின் உறுமட்டும், முனக விடாதீர்கள்!

பழைய லோரி ஒன்று டிரெய்லரை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுகிறவர் கியரைக் குறைத்ததும் இஞ்சின் பலமாக உறுமுகிறது. பக்கத்தில் இருப்பவருக்குப் பொறுக்கவில்லை. "ஏண்ணே இப்படிக் கத்த விடுறீங்க? பழைய வண்டி, பாவம்! பெரிய கியரிலேயே மெதுவாப் போங்க" என்கிறார்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பல பழைய இஞ்சின்களின் ஆயுளைக் குறைப்பது இந்தப் பரிவுதான். செம்பனைக் குலையோ, காய்கறியோ, விறகோ ஏற்றிப் பிழைக்கும் குடும்பத்திற்கு இஞ்சின் படுத்தால் அடுப்பும் படுத்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. பாரத்தோடு நடுமேட்டில் நின்றுபோன வண்டி பின்னால் உருண்டால், டிரெய்லர் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம் என்று மடங்கிப் பள்ளத்தில் இறங்கிவிடும். ஆகவே மேட்டில் இஞ்சினை எவ்வளவு விரட்டலாம் என்பது டிரைவர் மட்டும் அறிந்தால் போதும் என்ற விஷயமல்ல.

காண்டாக் கம்பு சொல்லும் பாடம்

காண்டாக் கம்பில் இரண்டு வாளி பாலைத் தொங்கவிட்டு மேட்டில் ஏறியவர்களை நினைத்துப் பாருங்கள். யாராவது எட்டு எடுத்து வைத்து ஏறுவார்களா? குட்டி அடியாக, விறுவிறுவென்று நடந்துதான் ஏறுவார்கள். எட்டு எடுத்து வைத்தால் ஒவ்வோர் அடியிலும் முழுப் பாரமும் முழங்காலில் இறங்கும்.

சின்ன கியர் என்பது குட்டி அடி. இஞ்சின் பல முறை சுற்றும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் தாங்கும் பாரம் குறைவு. பெரிய கியர் என்பது எட்டு அடி. சத்தம் குறைவு, ஆனால் பிஸ்டனும் கிரேங்கும் ஒவ்வொரு வெடிப்பிலும் முழு அடியையும் வாங்குகின்றன. எண்ணெய்ப் பம்பும் இஞ்சினோடு சேர்ந்தே சுற்றுவதால், இஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது எண்ணெய் அழுத்தமும் குறையும். பேரிங்குக்குள் இருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம் மேலும் மெலிந்து, இரும்போடு இரும்பு உரச நேரிடும். தேய்ந்த பழைய பேரிங்குக்கு இது எமன்.

ஒரு சின்னக் கணக்கு

கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களில் பழைய லேண்ட் ரோவர்கள் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றில் 1971 முதல் 1985 வரை தயாரான மூன்றாம் வரிசை வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் 2,286 சி.சி. டீசல் இஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றில் 62 குதிரைச் சக்தி கொடுக்கும். ஆனால் அதன் இழுப்பு, அதாவது முறுக்கு விசை, உச்சத்தில் இருப்பது 1,800 சுற்றில்.

வண்டி, பாரம், டிரெய்லர் எல்லாம் சேர்ந்து 3 டன் என்று கொள்வோம். பத்து மீட்டர் முன்னே போனால் ஒரு மீட்டர் உயரும் ஏற்றம். வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். இதற்குச் சக்கரத்தில் ஏறக்குறைய 25 குதிரைச் சக்தி வேண்டும்.

அதே வேகத்தில் மூன்றாவது கியரில் போனால் இஞ்சின் சுமார் 1,100 சுற்றுதான் சுற்றும். அந்தச் சுற்றில் எவ்வளவு மிதித்தாலும் 22 குதிரைச் சக்திக்கு மேல் வராது. வண்டி முனகும், குலுங்கும், வேகம் குறையும், கடைசியில் நின்றுவிடும். இரண்டாவது கியருக்கு இறங்கினால் சுமார் 1,700 சுற்று. சக்தி 33 வரை கிடைக்கும். அதே வண்டி, அதே பாரம், அதே வேகம். ஆனால் இப்போது கையிருப்பு இருக்கிறது!

எவ்வளவு வரை விரட்டலாம்?

வண்டியின் கையேட்டில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, முறுக்கு விசை உச்சமாகும் சுற்று. மற்றொன்று, குதிரைச் சக்தி உச்சமாகும் சுற்று. மேட்டில் முதல் எண்ணுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். இரண்டாவது எண்ணிலேயே நெடுநேரம் வைத்திருக்கவும் வேண்டாம். அதில் முக்கால் பங்கோடு நிறுத்திக்கொள்வது பழைய இஞ்சினுக்கு நல்லது. மேற்சொன்ன லேண்ட் ரோவருக்கு இது 1,800 முதல் 3,000 வரை. பெரிய டீசல் லோரிகள் இதைவிடக் குறைந்த சுற்றில் வேலை செய்பவை. ஒரு வண்டியின் எண்ணை இன்னொன்றுக்கு வைத்துப் பார்க்கக்கூடாது.

"எங்கள் வண்டியில் சுற்று காட்டும் மீட்டரே இல்லையே!" என்கிறீர்களா? கால் இருக்கிறது, காது இருக்கிறது. ஏறும்போது ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்துப் பாருங்கள். வேகம் கொஞ்சமாவது கூடினால் கியர் சரி. மிதித்தும் வேகம் கூடாமல் புகை மட்டும் கறுத்தால், ஊற்றிய டீசல் முழுவதும் எரியவில்லை என்று பொருள். உடனே ஒரு கியர் இறக்குங்கள். அதைவிட நல்லது, ஏற்றம் தொடங்குமுன்பே இறக்கிவிடுவது. நடுமேட்டில் கிளட்சை மிதித்துக் கியரைத் தேடும் அந்த இரண்டு வினாடியில்தான் வண்டி வேகத்தை இழக்கிறது.

வெப்பமானியிலும் ஒரு கண் இருக்கட்டும். பழைய வண்டிகளில் விசிறியும் தண்ணீர்ப் பம்பும் இஞ்சினின் வேகத்தில்தான் சுற்றுகின்றன. முனகும் இஞ்சினில் வெப்பம் மிகுதி, காற்றோ குறைவு. முள் சிவப்பை நெருங்கினால் ஓரமாக நிறுத்தி, சக்கரங்களுக்குப் பின்னால் கட்டை வையுங்கள். இஞ்சினை உடனே அணைக்காமல் சில நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள். சூடு சீராக இறங்கும். தண்ணீர் ஒழுகினாலோ, ஆவி சீறினாலோ, எண்ணெய் விளக்கு எரிந்தாலோ மட்டும் உடனே அணைத்துவிடுங்கள். சூடாக இருக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிடும்.

ஏறிய கியரிலேயே இறங்குங்கள்

ஏறியவன் இறங்கத்தானே வேண்டும்? தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சாலை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். உயர வேறுபாடு சுமார் 1,400 மீட்டர். 3 டன் வண்டி அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளியாகும் சக்தி முழுவதும் வெப்பமானால், 16 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைத்துச் சொட்டு மீதியில்லாமல் ஆவியாக்கிவிடும்! ஒரு பங்கை டயரும் காற்றும் வாங்கிக்கொள்ளும். மீதியை யார் தாங்குவது? இஞ்சின் தாங்காவிட்டால் பிரேக்தான் தாங்கவேண்டும். காய்ந்து சிவந்த பிரேக் பிடிப்பை இழக்கும். மிதித்தால் கால் மட்டும் கீழே போகும்.

ஆகவே எந்தக் கியரில் ஏறவேண்டிய மேடோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை ஓயாமல் தேய்க்காமல், அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விடுங்கள். மேட்டில் ஏறும்போது டீசல் இஞ்சினின் கவர்னர் சுற்றை எல்லை மீற விடாது. இறக்கத்தில் அது உதவாது; சக்கரமே இஞ்சினைச் சுழற்றுகிறது. இஞ்சின் உண்மையிலேயே அளவுக்கு மீறிச் சுற்றிச் சிதறக்கூடிய இடம் இறக்கம்தான். டீசல் மிச்சம் என்று எண்ணிப் பிரீ கியரில் உருட்டுவது தற்கொலைக்குச் சமம். மிச்சமும் கிடையாது: கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், டீசல் ஏறக்குறைய முற்றிலும் நின்றுவிடும்.

இதையெல்லாம் வண்டி ஓட்டாதவர்களும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லரில் பிள்ளைகளையோ பெரியவர்களையோ ஏற்றாதீர்கள். அடுத்த முறை அப்பாவோ அண்ணனோ மேட்டுக்கு முன்பாகவே கியரை இறக்கி, இஞ்சின் உறுமத் தொடங்கினால், "ஏன் கத்த விடுறீங்க?" என்று கேட்காதீர்கள். அந்த உறுமல் வண்டி நலமாக உழைக்கிறது என்பதற்கு அடையாளம். முனகல் கேட்டால்தான் வாய் திறந்து சொல்லவேண்டும்.