வீடா, சானடோரியமா? சேத்துப்பட்டு சொன்ன பதில்

கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்ரயிலில் குரோம்பேட்டையைத் தாண்டியதும் ‘தாம்பரம் சானடோரியம்’ என்று ஒரு நிலையம் வரும். அந்தப் பெயருக்குக் காரணமான காசநோய் மருத்துவமனையை 1928-ல் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து. 1937-ல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. அப்போது காசநோய்க்கு மருந்து கிடையாது. ஊருக்கு வெளியே நல்ல காற்று, மாதக்கணக்கில் படுக்கை, பால், முட்டை, இறைச்சி, இவைதான் வைத்தியம். சிலர் பிழைத்தார்கள். பிழைத்தவர்களைப் பார்த்து, காற்றும் ஓய்வும் சாப்பாடும்தான் காப்பாற்றின என்று உலகெங்கும் மருத்துவர்கள் நம்பினார்கள்.

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது, பிறகு பாஸ், 1952-ல் ஐசோனியாசிட். கிருமியைக் கொல்லும் மருந்து கைக்கு வந்த பிறகும் நோயாளியை வீட்டுக்கு அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. மருந்தும் கொடு, படுக்கையும் கொடு என்றுதான் பாடம் நடந்தது. பணக்கார நாடுகளுக்கு அது கட்டுப்படியானது. இந்தியாவில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் கட்டில் போடுவது எந்த அரசாலும் ஆகாத காரியம். அப்படியானால் கட்டில் கிடைக்காதவரின் கதி என்ன? மருந்தை மட்டும் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் பிழைப்பாரா, மாட்டாரா?

இந்தக் கேள்விக்காகவே 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்த ஏற்பாடு அது. உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் ஆய்வை நடத்த வந்தவர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேயர்.

ஆய்வின் உயிர்நாடி, யாரை எங்கே அனுப்புவது என்பதில் இருந்தது. அதை மருத்துவரிடம் விட்டால் என்ன ஆகும்? ரொம்பவும் மெலிந்து இருமுகிறவரைப் பார்த்தால் அவருக்கு இரக்கம் வரும்; சானடோரியத்துக்கு அனுப்புவார். கொஞ்சம் தெம்பாக இருப்பவரை வீட்டுக்கு அனுப்புவார். வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தால் வீட்டு வைத்தியம் ஜெயித்தது போலத் தெரியும். உண்மையில் அங்கே ஜெயித்தது மருத்துவரின் இரக்கம்தான். பாரபட்சம் கெட்ட எண்ணத்தால் மட்டும் வருவதில்லை, நல்ல மனசாலும் வரும்.

இதற்கு வழி சொன்னவர் பிரிட்டனின் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் அரிதாக இருந்த நேரம். எல்லோருக்கும் கொடுக்க மருந்து இல்லை. யாருக்குக் கொடுப்பது என்பதைத் தற்செயல் எண்களிடம் விட்டார். எண்களின்படி தயாரித்த சீட்டுகள் ஒட்டிய உறைகளில் இருந்தன. நோயாளி தகுதியானவர் என்று முடிவான பிறகே உறை பிரிக்கப்பட்டது. 1948-ல் வெளிவந்த முடிவில், ஆறு மாதத்துக்குள் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தார்கள். உயிர் விஷயத்தில் சீட்டுக் குலுக்குவதா என்று கேட்கத் தோன்றும். எது நல்லது என்று மெய்யாகவே தெரியாதபோது, தெரிந்தது போல நடந்துகொள்வதைவிட அது நேர்மையானது என்பேன்.

சேத்துப்பட்டிலும் அதே முறைதான். சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த காசநோயாளிகள், சிலருக்கு வீடு, சிலருக்கு சானடோரியம். இரு தரப்புக்கும் ஒரே மருந்து: ஓராண்டுக்கு ஐசோனியாசிட்டும் பாஸும். எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்பவருக்கு அது எந்தத் தரப்பு நோயாளியுடையது என்று தெரியாது.

வீட்டுத் தரப்பின் நிலைமை எல்லா வகையிலும் மோசம். நெரிசலான ஒற்றை அறை, போதாத சாப்பாடு, ஓய்வுக்கு வழியில்லை. உடம்பு கொஞ்சம் தேறியதும் பலர் வேலைக்குப் போனார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நேரத்துக்கு உணவு, படுக்கை, கவனிக்க நர்சுகள்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய மருந்தைச் சாப்பிடுகிறார்களா என்பது அடுத்த தலைவலி. பாஸ் சுலபமான மருந்தல்ல. நாளுக்குப் பத்து கிராம் அளவில் விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிட்டால், பிறகு எதற்கு இந்த அவஸ்தை என்று யாருக்கும் தோன்றும். மையத்தின் ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீடுகளுக்குப் போனார்கள். மிச்சமிருந்த மருந்தை எண்ணினார்கள். சிறுநீர் மாதிரி வாங்கி வந்தார்கள். பாஸ் சாப்பிட்டவரின் சிறுநீரில் ஃபெர்ரிக் குளோரைடு சில சொட்டு விட்டால் நிறம் மாறிக் கருஞ்சிவப்பாகும். வாய் சொல்லாததை அது சொல்லிவிடும். தவறாமல் சாப்பிடுகிறேன் என்று சத்தியம் செய்தவர்களிலும் சிலரின் மாதிரி நிறம் மாறவில்லை. எதிரே நின்று மருந்தை விழுங்க வைக்கும் முறையும், தினமும் வேண்டாம், வாரம் இருமுறை கொடுத்தாலும் போதுமா என்ற அடுத்தடுத்த ஆய்வுகளும் இந்த அனுபவத்திலிருந்து பிறந்தவை. பின்னாளில் ‘டாட்ஸ்’ என்ற பெயரில் உலகம் முழுவதும் பரவிய சிகிச்சையின் வேர்களில் ஒன்று சேத்துப்பட்டில் இருக்கிறது.

1959-ல் முடிவு வெளிவந்தது. ஓராண்டுக்குப் பிறகு சளியில் கிருமி இல்லாமல் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். ஆய்வில் இருந்தது சிறிய கூட்டம்; அதில் இந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. பாலும் படுக்கையும் நல்ல காற்றும் சேர்ந்து பெரிதாக எதையும் கூட்டவில்லை. வேலையைச் செய்தது மருந்து. சானடோரியத்தில் எடை அதிகம் ஏறியது உண்மை. ஆனால் எடை ஏறியதும் கிருமி ஒழிந்ததும் வேறுவேறு சங்கதிகளாக இருந்தன.

இன்னொரு பயம் பாக்கி இருந்தது. நோயாளியை வீட்டிலேயே வைத்தால் குழந்தை குட்டிகளுக்கு ஒட்டிக்கொள்ளாதா? இரு தரப்பு நோயாளிகளின் குடும்பத்தாரையும் ஐந்து வருடம் பின்தொடர்ந்தார்கள். வீட்டுத் தரப்புக் குடும்பங்களில் நோய் கூடுதலாக வரவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் மருந்து ஆரம்பிப்பதற்கு முன்பே தொற்றிவிட்டிருந்தது. மருந்து உள்ளே போகப் போக, பரப்பும் சக்தி விரைவில் குறைந்தது. நோயாளியை ஒதுக்கி வைப்பதைவிட, அவரைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதே வீட்டாருக்குப் பாதுகாப்பு என்பது இதிலிருந்து தெரிந்தது. காசநோய் என்றதும் தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை என்பது வேறு கதை.

சென்னை முடிவுக்குப் பிறகு காசநோய் வைத்தியம் கட்டிலை விட்டிறங்கியது. ஏழை நாடுகளுக்கு வழி பிறந்தது. பணக்கார நாடுகளிலும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, அல்லது வேறு மருத்துவமனைகளாயின.

அந்த முடிவைச் சிலர் தேவைக்கு மேல் நீட்டிவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். காசநோய்க்குச் சாப்பாடு முக்கியமில்லை என்ற எண்ணம் மருத்துவர்களிடையே வேரூன்றியது. சேத்துப்பட்டு கேட்ட கேள்வி அதுவல்ல. நல்ல மருந்து சரியாகக் கிடைக்கும்போது, கிருமி ஒழிய நல்ல உணவு கட்டாயமா என்பதே அது கேட்டது. நோய் வராமல் தடுக்க உணவு உதவுமா என்று அது கேட்கவும் இல்லை, பதில் சொல்லவும் இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்க அறுபது வருடம் பிடித்தது. கேட்டதில் அதே சேத்துப்பட்டு மையத்துக்கும் பங்குண்டு. இப்போது அதன் பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் முன்னின்று 2019 முதல் ஜார்க்கண்டில் ‘ரேஷன்ஸ்’ என்ற ஆய்வு நடந்தது. நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப்பொருள் கொடுத்தார்கள். சீட்டு விழுந்த நோயாளிகளின் வீட்டாருக்கும் அரிசி, பருப்பு என்று மாதாமாதம் போயிற்று. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பத்தாரைக் கவனித்து, 2023-ல் ‘லான்செட்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது.

காசநோயாளிகளுக்கு ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாய் தரும் மத்திய அரசின் திட்டம் 2018-ல் தொடங்கியிருந்தது. 2024 நவம்பர் முதல் அந்தத் தொகை 1,000 ரூபாய்.