மெஷினோடு சபைக்கு வந்த நோயாளி!

1971, நவம்பர் 4. வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றக் கமிட்டி ஒன்றின் கூட்டம். சாட்சி சொல்ல வந்த ஷெப் கிளேசர் என்ற 43 வயது நியூயார்க்காரர், கூடவே ஒரு டயாலிசிஸ் மெஷினையும் கொண்டுவந்திருந்தார். உறுப்பினர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய ரத்தம் குழாய் வழியே மெஷினுக்குள் போய், சுத்தமாகி உடலுக்குத் திரும்பியது. சில நிமிடங்கள்தான்.

மனைவி, இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பஸ்தர் அவர். சேல்ஸ்மேன் வேலை. சிகிச்சைச் செலவைச் சமாளிக்க வேறொரு பொருளையும் சேர்த்து விற்கப்போய், இருந்த வேலையும் பறிபோனது. இனி வீட்டை விற்பதா, செத்துப்போவதா என்று அந்தச் சபையிடமே கேட்டார் கிளேசர்.

அன்றைய நிலைமை அப்படி. மெஷின்கள் குறைவு, செலவோ மலையளவு. 1960-களின் தொடக்கத்தில் சியாட்டில் நகரில் யாருக்கு டயாலிசிஸ், யாருக்கு இல்லை என்று முடிவுசெய்ய ஒரு குழுவே இருந்தது. நோயாளியின் வேலை, குடும்பம், சமூகத்தில் அவருக்கிருந்த பெயர் எல்லாவற்றையும் அந்தக் குழு எடைபோட்டது. 1962-ல் ‘லைஃப்’ பத்திரிகை இதை வெளியிட்டபோது நாடே அதிர்ந்தது.

கிளேசரைச் சபைக்கு அனுப்பியது, 1969-ல் டயாலிசிஸ் நோயாளிகளே சேர்ந்து தொடங்கிய சங்கம். இன்று அதன் பெயர் அமெரிக்கச் சிறுநீரக நோயாளிகள் சங்கம். பெரிய தொண்டு அமைப்பான நேஷனல் கிட்னி ஃபவுண்டேஷனுக்கோ இந்த யோசனை பிடிக்கவில்லை. சபை நடுவே ஏதாவது விபரீதமாகிவிட்டால், காரியமே கெட்டுவிடுமே என்ற கவலை. நியாயமான கவலைதான். ஆனால், உயிரைப் பணயம் வைப்பவர் நோயாளி. முடிவையும் நோயாளிகளே எடுத்தார்கள்.

அந்தச் சாட்சியம் மட்டுமே எல்லாவற்றையும் மாற்றிவிடவில்லை. டாக்டர்களும் அமைப்புகளும் பல வருடங்கள் தட்டிய கதவு அது. 1972 அக்டோபர் 30-ல் அதிபர் நிக்சன் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1973 ஜூலை முதல், சிறுநீரகம் செயலிழந்த பெரும்பாலானோருக்கு, முதியோருக்கான ‘மெடிகேர்’ திட்டமே வயது பார்க்காமல் செலவை ஏற்றது.

கொடுப்பது யார்?

அரசுப் பணம் வந்ததும் டயாலிசிஸ் பெரிய தொழிலானது. இன்று அமெரிக்க நோயாளிகளில் பெரும்பான்மையோர் இரண்டே நிறுவனங்களின் மையங்களில்தான் சிகிச்சை பெறுகிறார்கள். தொண்டு அமைப்புகளுக்குச் சிக்கல் வந்ததும் இங்கேதான்.

ஒரு நோயாளியின் சிகிச்சைக்காக நண்பர்கள் பணம் திரட்டியதில் 1971-ல் பிறந்தது, அமெரிக்கன் கிட்னி ஃபண்ட். வசதியில்லாத நோயாளிகளின் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தை அது கட்டுகிறது. அதன் நிதியில் பெரும்பகுதி டயாலிசிஸ் நிறுவனங்கள் தருவது. தனியார் இன்ஷூரன்ஸோ மெடிகேரைவிடப் பல மடங்கு கட்டணம் தரும். ஆக, கொடுத்த நன்கொடை சுற்றி வளைத்து லாபமாகத் திரும்புகிறது என்கிறார்கள் விமர்சகர்கள். நோயாளியின் பணக்கஷ்டத்தை மட்டுமே பார்க்கிறோம் என்கிறது அமைப்பு.

2019-ல் கலிஃபோர்னியா இந்தச் சுழற்சிக்குக் கடிவாளம் போடச் சட்டம் கொண்டுவந்தது. அப்படியென்றால் அந்த மாநிலத்தில் உதவியை நிறுத்துவோம் என்றது அமைப்பு. வருடக் கடைசியில் நீதிமன்றம் சட்டத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. இடையில், அடுத்த மாத பிரீமியத்தை யார் கட்டுவார்கள் என்று தவித்தவர்கள் நோயாளிகள்தான்.

நாற்காலிக்கு அப்பால்

நோயாளிக்காகப் பேசுவது ஒரு வேலை. அவரிடம் எல்லாவற்றையும் சொல்வது இன்னொரு வேலை. வாரம் 3 நாள், தினமும் சுமார் 4 மணி நேரம் மையத்து நாற்காலியில் உட்காருவது ஒரு வழி மட்டுமே. வீட்டிலேயே மெஷின் வைத்துக்கொள்ளலாம். வயிற்றுக்குள் திரவம் செலுத்திச் சுத்தம் செய்யும் பெரிட்டோனியல் டயாலிசிஸ் உண்டு. மாற்று சிறுநீரகம் உண்டு. முதுமையில், டயாலிசிஸே வேண்டாம், வலியில்லாமல் இருந்தால் போதும் என்று முடிவெடுக்கவும் உரிமை உண்டு.

இவை எல்லாவற்றையும் நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும் என்று 2008-ம் ஆண்டு விதிமுறை மையங்களைக் கட்டாயப்படுத்துகிறது. ஆனாலும், 1970-களின் தொடக்கத்தில் சுமார் 40 சதவிகிதம் பேர் வீட்டிலேயே செய்துகொண்ட டயாலிசிஸ், இப்போது ஏழு பேரில் ஒருவர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. வயதானவர்களும் பல நோய் உள்ளவர்களும் சிகிச்சைக்கு வந்தது ஒரு காரணம். எல்லோருக்கும் வீடு ஒத்துவராது. ஆனால், வேண்டாம் என்று சொல்வதற்கும்கூட, அப்படி ஒன்று இருப்பது முதலில் தெரிய வேண்டுமே!

இங்கேதான் தொண்டு அமைப்பின் கையேடும் உதவி எண்ணும் உயிர் காக்கும். அதை நம்பும் முன் குடும்பத்தினர் நான்கு கேள்விகள் கேட்கலாம்:

* இந்த அமைப்புக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?
* நிர்வாகக் குழுவில் நோயாளிகள் இருக்கிறார்களா?
* எல்லாச் சிகிச்சை வழிகளையும், அவற்றின் கஷ்டங்களோடு சேர்த்துச் சொல்கிறார்களா?
* மாற்று சிறுநீரகத்துக்குப் பதிவு செய்வது பற்றி, நாம் கேட்காமலே சொன்னார்களா?

கேட்கத் தயங்க வேண்டியதில்லை. நாட்டின் சட்டசபையிடமே ‘நான் என்ன செய்யட்டும்?’ என்று கேட்டவர், குழாய் செருகிய நிலையில் இருந்த ஒரு நோயாளிதான்.