சாட்சி நிற்கும் இடம்

சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் கடற்கரையில் மாலை வேளைகளில் உட்கார்ந்து, எதிரே தெரியும் உபின் தீவைப் பார்த்துக்கொண்டிருப்பதை நித்திய வழக்கமாக வைத்திருக்கும் எங்கள் புளோக்குப் பெரியவர் ஒருவர், சென்ற மாதம் என் வீட்டில் ‘அந்த நாள்’ படத்தை முழுவதும் பார்த்து முடித்தபின், நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “படம் ரொம்ப நல்ல படம்தான் தம்பி, ஆனா இதுல எங்கப்பா எந்தப் பக்கம்?” என்று கேட்டார். அவருடைய தகப்பனார் மலாயாவில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்து, 1943-இல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்தவர். ஒரு கதையை யார் சொல்கிறார், எங்கே நின்று சொல்கிறார் என்பதைப் பொறுத்து அதன் அர்த்தமே மாறிவிடும் என்று எத்தனையோ புஸ்தகங்களில் படித்திருந்தும், அந்த விஷயம் ஒரு கிழவரின் முகத்தில் இப்படி என் எதிரே வந்து உட்காரும் என்று நான் எண்ணியதில்லை.

‘அந்த நாள்’ 1954-ஆம் வருஷம் ஏவி.எம். தயாரிப்பில், வீணை வித்வானாகவும் புகழ்பெற்ற எஸ். பாலசந்தர் இயக்கி வெளிவந்தது. பாட்டும் நடனமும் இல்லாத முதல் தமிழ்ப் படம் என்று அதைச் சொல்வது வழக்கம். எனக்கு அதைவிடப் பெரிய அதிசயமாகத் தோன்றுவது, கதாநாயகனாகிய சிவாஜி கணேசன் படத்தின் ஆரம்பத்திலேயே சுடப்பட்டு இறந்துவிடுவதுதான். சென்னைத் துறைமுகத்தின் மேல் ஜப்பானிய விமானம் குண்டு போட்ட 1943 அக்டோபர் 11-ஐ ஒட்டி நடக்கும் கதை அது. இறந்தவன் ராஜன் என்னும் ரேடியோ எஞ்சினீயர். துப்பறிய வரும் சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தம், அண்டைவீட்டுக்காரர், தம்பி, தம்பியின் மனைவி, ராஜனுடன் ரகசிய உறவு வைத்திருந்த நாட்டியப் பெண், கடைசியில் மனைவி உஷா என்று ஒவ்வொருவராக விசாரிக்கிறார். ஒவ்வொருவரும் தாம் கண்டதையும் ஊகித்ததையும் சொல்லச் சொல்ல, குற்றத்தின் நிழல் ஒருவர் மேலிருந்து இன்னொருவர் மேல் நகர்ந்துகொண்டே போகிறது. தம்பிக்குச் சொத்தில் பங்கு தர மறுக்கும் கண்டிப்பான தமையனாக ஒரு ராஜன், காதலியிடம் குழைந்து பேசும் ராஜன் ஒருவன், தன் திறமையை மதிக்காத தேசத்தின் மேல் வெஞ்சினம் கொண்ட ராஜன் வேறொருவன். நடிகர் ஒருவரேயானாலும் நாம் பார்க்கும் மனிதன் ஒருவனல்லன்.

இங்கே சினிமாவுக்கே உரிய ஒரு சாமர்த்தியம் உண்டு. அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நாவலில் ஒரு பாத்திரம் ‘இப்படி நடந்தது’ என்று சொன்னால், ‘அவன் சொல்கிறான், நாம் நம்பவேண்டியதில்லை’ என்ற எச்சரிக்கை வாசகன் மனத்தில் இருந்துகொண்டே இருக்கும். சினிமாவிலோ சாட்சி வாயைத் திறந்த மறுகணமே அவருடைய சொல் மறைந்துபோய்க் காட்சி வந்துவிடுகிறது. கதவு திறக்கிறது, விளக்கு எரிகிறது, ராஜன் சிரிக்கிறான். கண்ணால் கண்டதைப் பொய்யென்று கொள்ள நமக்கு மனம் வருவதில்லையாதலால், ஒருவருடைய ஊகத்தைக்கூட நடந்த சம்பவமாகவே ஏற்றுக்கொண்டுவிடுகிறோம். ஃபிளாஷ்பேக் என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் உத்தியின் பலமும் அபாயமும் இதுவே. அவ்வளவு பேர் பேசும் அந்தப் படத்தில் ராஜன் ஒருவன்தான் தன் கதையைத் தானே சொல்வதில்லை. செத்தவனுக்கு ஏது வாய்?

பாலசந்தருக்கு இந்த வழியைக் காட்டியது அகிரா குரோசவாவின் ‘ரஷோமோன்’. 1950-இல் வந்த அந்த ஜப்பானியப் படத்தில், காட்டில் நடந்த ஒரு கொலையைப் பற்றி நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்கிறார்கள். செத்தவனே ஓர் ஆவேசக்காரியின் வாயிலாக வந்து சாட்சி சொல்கிறான். இருந்தும் உண்மை இன்னதென்று கடைசிவரை நிச்சயப்படுவதில்லை. தமிழ்ப் படம் அங்கே பிரிகிறது. ராஜன் ஜப்பானியருக்கு நம் நாட்டு ரகசியங்களை விற்ற துரோகி என்பதும், தேசபக்தையான உஷாவின் கையிலிருந்த துப்பாக்கியே அவனைக் கொன்றது என்பதும் கடைசி வாக்குமூலத்தில் ஐயமின்றித் தெளிவாகிவிடுகின்றன. ஐம்பது வருஷம் கழித்துக் கமல்ஹாசன் எடுத்த ‘விருமாண்டி’யிலும் சிறையிலிருக்கும் இருவர் ஒரே சம்பவங்களை இரண்டு விதமாகச் சொன்னாலும், எது மெய் என்பதில் நமக்குச் சந்தேகம் மிஞ்சுவதில்லை. பல வாய்களுக்கு இடங்கொடுத்துவிட்டு இறுதியில் ஒரு வாயிடம் தீர்ப்பை ஒப்படைத்துவிடுவது நம் சினிமாவின் சுபாவமாக இருந்துவந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

எழுத்தில் அப்படி ஒப்படைக்காமல் துணிந்தவர் ஜெயகாந்தன். 1966-இல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில், மழைநாளில் முன்பின் அறியாதவனின் காரில் ஏறிக் கெட்டு வந்து நிற்கும் மகளைத் தாய் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தேற்றி ஏற்றுக்கொள்கிறாள். வாசகர் உலகம் கொந்தளித்தது. ஜெயகாந்தன் பின்னர் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலை எழுதினார். அதில் கங்கா என்னும் பெண் ஒரு பத்திரிகையில் அதே கதையைப் படிக்கிறாள். அது அவளுக்கே நேர்ந்தது. ஆனால் அவளுடைய அம்மா தண்ணீர் ஊற்றித் தேற்றவில்லை, ஊர் கூடும்படி கூச்சல் போட்டுவிட்டாள். சிறுகதையில் ‘அவள்’ என்று படர்க்கையில் நின்றவள் நாவலில் ‘நான்’ என்று பேசத் தொடங்கியதும், அந்த ஒரு குடம் தண்ணீர் எத்தனை பெரிய வரம் என்பது நமக்குத் தெரிகிறது. இரண்டு கதைகளும் ஒன்றையொன்று அழித்துவிடாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அந்த நாவல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றது. 1977-இல் பீம்சிங் அதைப் படமாகவும் எடுத்தார்.

பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். ராஜன் இறந்ததாகக் கதை சொல்லும் அந்த 1943 அக்டோபரில், சிங்கப்பூரில் என்ன நடந்துகொண்டிருந்தது? குண்டு விழுந்து பத்தே நாளில், அக்டோபர் 21 அன்று, கேத்தே கட்டடத்தில், அதாவது ஒரு சினிமாக் கொட்டகையில், நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசாங்கத்தைப் பிரகடனம் செய்தார். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள், ஜப்பானியரோடு சேர்ந்து நின்ற அவருடைய படையில் சேர்ந்தார்கள். ஜப்பானியரோடு கைகோத்தவன் துரோகி என்று சென்னையில் நின்று சொல்லப்பட்ட கதை, சிங்கப்பூரின் பிராஸ் பாசா சாலைப் பக்கம் நின்று சொல்லப்பட்டால் தியாகியின் கதை.

இன்னும் ஒன்று. ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு அதே வருஷம் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார். இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றிப் பிரசாரப் படம் எடுப்பது அவருக்கு இடப்பட்ட வேலை. அந்தப் படம் முடியவில்லை. ஜப்பான் போரில் தோற்றதும் எடுத்த பகுதியும் அழிந்தது. ஆனால் கைப்பற்றப்பட்ட அமெரிக்கப் படங்களை அவர் இங்கே பார்த்துத் தீர்த்தார். அவற்றுள் ஆர்சன் வெல்ஸின் ‘சிட்டிசன் கேன்’ ஒன்று. அதுவும் கதாநாயகனின் சாவில் தொடங்கி, அவனை அறிந்த பலர் சொல்லச் சொல்ல வளரும் கதை. அழிந்துபோன அந்தப் படச்சுருள்களில் தோட்டத்திலிருந்து வந்த ஏதோ ஒரு தமிழ் இளைஞனின் முகம், சீருடையில், ஒரு நொடியாவது பதிந்திருக்கக் கூடும் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

இத்தனையையும் கடற்கரையில் பெரியவரிடம் சொன்னேன். அவர் மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ இடப்பக்கம் பொங்கோலையும் வலப்பக்கம் சாங்கியையும் கையால் காட்டினார். 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் சீன ஆடவர்களை வரிசையாக நிறுத்திச் சுட்டுக்கொன்ற கரைகள் அவை. சாங்கியில் 66 பேர், பொங்கோலில் 300-க்கு மேற்பட்டவர்கள். “எதிர்வீட்டு அம்மாவோட தாத்தாவைப் பொங்கோலுக்குத்தான் கூட்டிட்டுப் போனாங்களாம். முப்பது வருஷமா பக்கத்துல இருக்கோம், எங்கப்பா ஐ.என்.ஏ.ல இருந்தாருன்னு அவங்ககிட்ட மட்டும் நான் வாயத் திறந்ததில்ல” என்றார்.

இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம். எழுந்து நடக்கும்போது, வருகிற ஞாயிற்றுக்கிழமை ‘அந்த நாள்’ படத்தை மறுபடி போட முடியுமா என்று கேட்டார். எதிர்வீட்டு அம்மாவையும் கூப்பிடப் போகிறாராம்; ஆங்கில சப்டைட்டில் இருக்கிற பிரதி கிடைக்குமா என்று மட்டும் என்னைத் தேடிப் பார்க்கச் சொன்னார்.