அக்னி நட்சத்திரத்தில் அச்சிறுபாக்கம் தரிசனம்

திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட ஈசனின் தேர், விநாயகரை வணங்காது கிளம்பியதால் அச்சு முறிந்து நின்ற தலம் அச்சிறுபாக்கம் என்கிறது தலபுராணம். இன்று அச்சரப்பாக்கம் என வழங்கும், சம்பந்தர் பாடிய இவ்வூரில் ஆட்சீஸ்வரர், இளங்கிளி அம்மையுடன் அருள்பாலிக்கிறார். தலமரமான சரக்கொன்றை கோடையில்தான் பொன்னாய்ப் பூக்கும்.

நம் உடலும் ஒரு தேரே. வெயிலில் அதன் அச்சு முறியலாகாது. வஜ்ரகிரி மலைக்குச் செல்வோர் விடியலிலேயே ஏறி இறங்கிவிட்டு, பின் ஆட்சீஸ்வரரைத் தரிசிக்கலாம். நண்பகலில் பிராகாரக் கல் பாதத்தைச் சுடும். தாகம் எடுக்குமுன்பே நீரோ மோரோ பருகுங்கள். முதியோருக்குத் தலை சுற்றினால் நிழலில் அமர்த்தி, ஈரத்துணியால் உடலைத் துடையுங்கள். தெளியாவிடில் 108-ஐ அழையுங்கள்.

லிங்கத் திருமேனிக்கே தாராபாத்திரம் கட்டிக் குளிர்விக்கும் காலமல்லவா இது! விநாயகரை வணங்கி, நிதானமாகப் புறப்படுங்கள்.