வெயிலும் நிழலும் ஒரே படத்தில்

சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022-ஆம் ஆண்டு முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்துவிட்ட சந்திரகிரியில், விஜயநகர மன்னர் காலத்து ராஜமகால் நிற்கிறது. நண்பகலில் அதனுள் நின்று வளைவுகளின் வழியே நோக்கினால், இருண்ட தூண்களையும் வெயில் காயும் வெளியையும் நம் கண்கள் ஒருங்கே கண்டுவிடுகின்றன. காமிராவோ இரண்டில் ஒன்றைக் கெடுத்துவிடுகிறது. தூணுக்கு ஏற்ப ஒளியை அளந்தால் வானம் வெளுத்து மறைகிறது. வானத்துக்கு ஏற்ப அளந்தால் தூண்கள் கரித்துண்டாகின்றன.

இதன் காரணம் யாது? கண், பார்வை செல்லும் இடந்தோறும் தன்னைத் திருத்திக்கொள்கிறது. காமிரா படம் முழுவதற்கும் ஒரே அளவு நேரந்தான் ஒளியை ஏற்கிறது.

இத்தொல்லை புதியதன்று. 1850-களில் பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே, கடலுக்கு ஒரு நெகட்டிவும் வானத்துக்கு ஒரு நெகட்டிவும் எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். அவர் கையால் செய்ததை இன்று கணிப்பொறி நுணுக்கமாகச் செய்கிறது.

முறை எளியது. காமிராவை முக்காலியில் அசையாமல் நிறுத்துவோம். லென்ஸின் துவார அளவை மாற்றாமல், ஒரு விநாடியில் 250-இல் ஒரு பங்கு, 60-இல் ஒரு பங்கு, 15-இல் ஒரு பங்கு என மூன்று படங்கள் எடுப்போம். ஒவ்வொன்றும் முன்னதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு ஒளி பெறும். முதற்படத்தில் வானமும், கடைசிப் படத்தில் தூணின் செதுக்கலும் தெளிவாக விழும். துவாரத்தை மாற்றினாலோ, தெளிவாகத் தெரியும் ஆழமும் மாறி, படங்கள் ஒன்றோடொன்று பொருந்தா.

பின்னர் கணிப்பொறி ஒவ்வொரு புள்ளியிலும் எந்தப் படம் நன்கு ஒளி பெற்றிருக்கிறது என்று ஆராய்ந்து, அதற்கு மிகுந்த பங்கு அளித்துக் கலக்கிறது. மெர்ட்டன்ஸ் முதலியோர் 2007-இல் வெளியிட்ட முறையில், ஒளியளவுடன் நுட்ப விவரமும் நிறச் செறிவும் சேர்த்து எடைபோடப்படுகின்றன. ஒட்டுத் தெரியாதிருக்க, பெரிய வடிவங்களும் நுண்ணிய கோடுகளும் தனித்தனியே கலக்கப்படுகின்றன.

இம்முறைக்கும் எல்லை உண்டு. காற்றில் ஆடும் கிளையும் நடந்து செல்லும் மனிதரும் படத்திற்குப் படம் இடம் மாறுவதால், ஆவிபோல் இரட்டையாகத் தோன்றுவர். நிழலை வெயிலுக்கு நிகராக வெளிச்சமாக்கினாலோ, மண்டபம் தன் இயல்பை இழந்துவிடும்.

பழங்கட்டடங்களைப் பதிவு செய்வோர் இதனை மறத்தலாகாது. நிழலில் மறைந்த ஒரு விரிசல், நாளை அத்தூணைக் காப்பதற்கு முதற்சான்றாகலாம். ஆதலின் கலந்த படத்துடன் மூல மூன்றையும் பேணி வைத்தல் வேண்டும். கலந்த படம் காண்பதற்கு உதவும். ஐயம் எழும்போது மூலங்களே சான்று கூறும்.