வரிப் பணம் திரும்பி வரவில்லையா?

தாய்மார்களே, வேலைக்குப் போகும் உங்கள் பிள்ளையின் சம்பளச் சீட்டில் 'பி.சி.பி.' என்று ஒரு தொகை பிடித்திருக்கிறார்களா? அதுதான் மாத வருமான வரி. ஆண்டு முடிந்து கணக்கு ஒப்படைக்கும்போது, பிடித்தது அதிகம் என்று தெரிந்தால், மிச்சத்தை வரி வாரியம் பிள்ளையின் வங்கிக் கணக்கிலேயே போட்டுவிடும். அது யாரும் தரும் இனாம் அல்ல, பிள்ளை உழைத்த காசு!

எனக்குத் தெரிந்த தோட்டத்து அம்மா ஒருவர், மகனுக்கு வரவேண்டிய அறுநூறு வெள்ளியை நம்பி, சின்னவளின் பள்ளிச் செலவைத் தள்ளிப் போட்டிருந்தார். கணினி வழி கணக்குக் கொடுத்தால் 30 வேலை நாளில் பணம் வரும் என்பது வாரியத்தின் வாக்கு. மூன்று மாதமாகியும் காணோம். "கவர்மெண்டு காசு வந்த மாதிரிதான்" என்று சலித்துக்கொண்டார்.

கொடுத்த பாரத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. பாரத்தில் இருந்தது ஏ.டி.எம். அட்டையின் எண்! பாஸ்புக் அம்மாவின் தகரப் பெட்டியில், அட்டை மகனின் பர்ஸில். கூட்டாளி பாரம் நிரப்பும்போது, தம்பி கையில் இருந்ததைப் பார்த்துப் படித்துவிட்டான். மேபேங்க் கணக்கு எண் 12 இலக்கம், அட்டை எண் 16 இலக்கம். ஆகவே எண்ணிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். பேங்க் சிம்பானான் நேஷனலிலோ கணக்கு எண்ணும் 16 இலக்கம்தான். அங்கே எண்ணிப் பார்த்தும் பயனில்லை, பாஸ்புக்கைத்தான் பார்க்க வேண்டும்.

வேறு தவறுகளும் உண்டு. அப்பாவின் கணக்கையோ மனைவியின் கணக்கையோ கொடுக்கக் கூடாது. வரி கட்டியவரின் சொந்தக் கணக்குதான் வேண்டும். மூடிய கணக்கு உதவாது. பழைய அடையாளக் கார்டைக் காட்டித் திறந்த கணக்கா? வங்கிக்குப் போய், மைகாட் எண்ணைப் பதிந்திருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள்.

திருத்துவது பெரிய காரியமல்ல. வாரியத்தின் 'மைடேக்ஸ்' இணையப் பக்கத்தில் பிள்ளை தன் பெயரில் நுழைந்து, சொந்த விவரப் பகுதியில் வங்கியின் பெயரையும் கணக்கு எண்ணையும் மாற்றிக்கொள்ளலாம். கணினி பழக்கமில்லை என்றால், மைகாட்டையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு வாரியத்தின் கிளை அலுவலகத்திற்கு நேரில் போகட்டும். எண்ணை மாற்றியதோடு வந்துவிடாமல், பணம் எந்த நிலையில் இருக்கிறது என்றும் கேட்டு வரச் சொல்லுங்கள். முதலாளியிடமோ கிராணியிடமோ சொல்லிப் பலனில்லை, அந்தப் பதிவு அவர்கள் கையில் இல்லை.

இன்னொன்று. "உங்கள் வரிப் பணம் தயார், ஏ.டி.எம். ரகசிய எண்ணைச் சொல்லுங்கள்" என்று போன் வந்தால் உடனே வைத்துவிடுங்கள். பணம் போடுவதற்குக் கணக்கு எண் போதும், ரகசிய எண் எதற்கு?

அந்தத் தம்பி அரை நாள் லீவு போட்டுப் போய்த் திருத்திவிட்டு வந்தான். பணமும் வந்தது. இப்போது பாஸ்புக்கின் முதல் பக்க நகல் ஒன்று அவன் பர்ஸிலேயே இருக்கிறது, அம்மா மடித்து வைத்தது.